ஆமென் சொன்ன பிறகு

குடும்ப ஜெபம் பத்து நிமிஷத்தைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. இதைச் சொன்னால் சபையில் பெரியவர்கள் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். "ஆண்டவருக்குக் கொடுக்கிற நேரத்துக்குமா கணக்கு?" என்பார்கள். கணக்கு ஆண்டவருக்காக அல்ல, பிள்ளைகளுக்காக. கண்ணை மூடி அரை மணி நேரம் உட்காரவைத்தால் ஏழு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்வது உட்கார்ந்தபடியே தூங்குவதை மட்டும்தான். அதே பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, பெரியவர்கள் பேசி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டு பொறுத்திருப்பதுதான் ஜெபம் என்று மனதில் பதிந்துவிடும். அதைப் பிறகு மாற்றுவது கஷ்டம்.

சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் (விசுவாசத்தின் அடிப்படைகளைச் சொல்லும் கையேடு), வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே எழுதப்பட்டது. காலை ஜெபம், இரவு ஜெபம் இரண்டும் அதில் இருக்கின்றன. இரண்டும் சில வரிகள்தான். காலை ஜெபம் முடிந்ததும் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போகச் சொல்கிறார். இரவு ஜெபம் முடிந்ததும் நிம்மதியாக உடனே தூங்கிவிடச் சொல்கிறார். ஆயிரம் பக்கம் எழுதக்கூடிய மனிதர் வீட்டு ஜெபத்தை இவ்வளவு சுருக்கமாக வைத்தாரே என்று எனக்கு இன்றும் அவர்மேல் ஒரு தனிப் பிரியம்.

சுருக்கிய நேரம் எங்கே போகிறது என்று கேட்டால், உபாகமம் 6:7-ஐக் காட்டுவேன். "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும் எழுந்திருக்கிறபோதும், அவைகளைக் குறித்துப் பேசி" என்கிறது அந்த வசனம். அவைகள் என்பது ஆண்டவருடைய கட்டளைகள். அங்கே சொல்லப்பட்டிருக்கிற நேரங்களில் ஒன்றுகூட ஆலயத்தில் நடப்பதல்ல. என் பிள்ளைகள் கேட்ட நல்ல கேள்விகள் எல்லாம் பாயில் வட்டமாக உட்கார்ந்து வேதம் வாசித்தபோது வந்தவை அல்ல. பல் துலக்கும்போது வந்தவை, செருப்பு மாட்டும்போது வந்தவை, விளக்கை அணைத்த பிறகு வந்தவை. "இயேசப்பா சின்னப் பையனா இருந்தப்போ அவங்க அம்மாகிட்ட திட்டு வாங்கியிருக்காரா?" என்று சின்னவள் கேட்டது தலை வாரும்போது. லூக்கா 2-ஆம் அதிகாரத்தை அன்றைக்குச் சீப்பும் கையுமாகச் சொன்னேன். பன்னிரண்டு வயதுப் பையன் கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்து ஒரு நாள் பிரயாணம் வந்துவிட்ட பெற்றோர், திரும்பிப் போய்த் தேடியது, மூன்று நாளுக்குப் பிறகு தேவாலயத்தில் கண்டுபிடித்தது, "மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்?" என்று மரியாள் கேட்டது. "அப்போ திட்டு வாங்கியிருக்கார்" என்று அவளே முடிவுக்கு வந்துவிட்டாள். அதற்குமேல் விளக்கம் சொல்ல நான் போகவில்லை.

என்ன வாசிப்பது என்பதில் பல வீடுகள் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். புது வருஷத்தில் ஆதியாகமத்தில் உற்சாகமாக ஆரம்பிப்பார்கள், லேவியராகமத்துக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். அடுத்த வருஷம் மறுபடி ஆதியாகமம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பிப்பது நல்லது. 16 அதிகாரம்தான். பேச்சு குறைவு, சம்பவம் அதிகம். படகு, புயல், கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட மனிதன் என்று காட்சி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். நீதிமொழிகள் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிக்கலாம். ஆனால் அதைப் பிள்ளைகளைக் குத்திக்காட்டப் பயன்படுத்தும் ஆசை நமக்கு வந்துவிடும், "சோம்பேறியே, எறும்பினிடத்தில் போ" வருகிற நாளில் எல்லாப் பார்வையும் ஒரே ஆள்மேல் விழும். அதனால் நாங்கள் அதை வளர்ந்த பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவிட்டோம். வேலை முடிந்து எல்லாரும் களைத்து விழும் நாளுக்கு 117-ஆம் சங்கீதம் இருக்கிறது. இரண்டே வசனம். அதை வாசித்து, கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்லி எழுந்துவிடலாம். ஒன்றும் குறைந்துவிடாது.

ஆளுக்கு ஒரு வசனம் என்று சுற்றி வாசிப்பது எங்களுக்கு நன்றாக ஒத்துவந்தது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அம்மா காதில் சொல்ல, அது உரக்கச் சொல்லும். நெபுகாத்நேச்சார் மாதிரிப் பெயர் வரும்போது சிரிப்பு வரும். சிரிக்கட்டும். வேதத்துக்கு முன்னால் சிரிக்கக்கூடாது என்று கையை ஓங்குகிற வீட்டில் பிள்ளைகள் வேதத்தைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி ஒரு வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ஜெபத்தில் பிள்ளைகளைத் திட்டுவது.

நான் வளர்ந்த வீட்டில் அப்பா இதில் கெட்டிக்காரர். பகலெல்லாம் ஒன்றும் சொல்ல மாட்டார். ராத்திரி முழங்காலில் நின்று ஆரம்பிப்பார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும். படிப்பில் கவனம் இல்லாமல் திரிகிற மகளை நீர் தொட்டருளும்." மகள் என்றால் நான்தான், வீட்டில் வேறு மகள் இல்லை. கணக்கில் குறைந்த மார்க், தம்பியை அடித்தது, பக்கத்து வீட்டில் நேரம் போவது தெரியாமல் இருந்தது எல்லாம் ஒவ்வொன்றாகப் பரலோகத்துக்குப் போகும். கண்ணை மூடிக்கொண்டிருப்பதால் பதில் பேச முடியாது. "ஆமென்" வேறு நானே சொல்ல வேண்டும். என் மேல் வந்த புகாருக்கு நானே கையெழுத்துப் போடுவதுபோல.

இப்படித் திட்டு வாங்கி வளர்ந்த பிள்ளைக்கு ஒரு சிக்கல் வரும். ஆண்டவர் எப்போதும் அப்பா கட்சி என்று தோன்றிவிடும். "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபமூட்டாதிருங்கள்" என்று கொலோசெயர் 3:21 சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்குமா தெரியவில்லை. திட்ட வேண்டியிருந்தால் கண்ணைத் திறந்துகொண்டு, முகத்தைப் பார்த்து, ஜெபத்துக்கு வெளியே திட்டலாம். அப்போது பிள்ளையும் தன் பக்கத்தைச் சொல்ல வழி இருக்கும். எங்கள் வீட்டில் ஜெபத்தில் யார் பேரைச் சொன்னாலும் நன்றியோ விண்ணப்பமோதான், புகார் கிடையாது. என் கணவர் சில நாள் விண்ணப்பம்போல் ஆரம்பித்துப் புகாரில் போய் நிற்பார். பெரியவன் தொண்டையைச் செருமுவான். சட்டென்று ஆமென் வந்துவிடும்.

ஆனால் அதே அப்பாவிடம்தான் நான் ஜெபத்தைக் கற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து, எல்லாரும் தூங்குகிறார்கள் என்ற நினைப்பில், மெல்லிய குரலில் தனியாக ஜெபிப்பார். சில நாள் விழிப்பு வந்து படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஜெபத்தில் புகாரே இருக்காது. கடனைப் பற்றிச் சொல்வார், அம்மாவின் முதுகுவலியைச் சொல்வார், என் பேரைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருப்பார். ராத்திரி ஜெபத்தில் கேட்ட அப்பாவும் விடியற்காலையில் கேட்ட அப்பாவும் வேறு வேறு ஆட்கள் மாதிரி. எனக்கு விசுவாசம் ஒட்டியது இந்த இரண்டாவது அப்பாவிடமிருந்து. ஆகவே சின்னப் பிள்ளைகளுள்ள பெற்றோர் என்னிடம் கேட்டால், உங்கள் தனி ஜெபத்தை முழுக்க மறைத்துவிடாதீர்கள் என்பேன். காட்சிப்படுத்தவும் வேண்டாம். அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தால் போதும்.

ஜெபக் குறிப்பு நோட்டைப் பற்றி. பழைய டயரி ஒன்றை எடுத்து, இடது பக்கம் விண்ணப்பம், வலது பக்கம் என்ன நடந்தது என்று எழுத ஆரம்பித்தோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் திருத்தக்கூடாது. "பல் ஆடுது, வலிக்காம விழணும்" என்று கோணல் எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே என் கணவரின் எழுத்தில் வேலை பற்றிய கவலை. பிள்ளைகளுக்கு இது முக்கியமாகப் பட்டது. அப்பாவுக்கும் கேட்க வேண்டியது இருக்கிறது, அப்பாவுக்கும் பயம் இருக்கிறது என்று அந்த நோட்டில்தான் தெரிந்துகொண்டார்கள். இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்தபோது அதிலிருந்து பன்னிரண்டு கல்லை எடுத்து வைக்கச் சொன்னது, பின்னாளில் பிள்ளைகள் "இந்தக் கற்கள் ஏது" என்று கேட்பதற்காகத்தான் என்று யோசுவா 4-ஆம் அதிகாரம் சொல்கிறது. வீட்டுக்குள் அப்படி ஏதாவது எடுத்துப் பார்க்கக் கிடைப்பது நல்லது. நினைவு எல்லாவற்றையும் நமக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லும், நோட்டு அப்படிச் செய்யாது.

நோட்டு வைத்தால் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். பல வாரம் "தாத்தா சுகமாகணும்" என்று சின்னவள் திரும்பத் திரும்ப எழுதினாள். தாத்தா இறந்துபோனார். அடக்கம் முடிந்து வந்த பிறகு ஒருநாள் அவளே டயரியை எடுத்து, வலது பக்கத்தில் "இல்லை" என்று எழுதி வைத்திருந்தாள். வந்திருந்த உறவினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பரலோகத்தில் பூரண சுகம் கிடைச்சாச்சு, அப்படி எழுது கண்ணு" என்றார். என் கணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் எழுதியது உண்மை. நாங்கள் நம்புவதும் உண்மை. ஆனால் ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை. அன்று இரவு 13-ஆம் சங்கீதம் வாசித்தோம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பிக்கும். "பைபிள்லயே இப்படி இருக்கா?" என்றாள். இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரை ஆறுதலே இல்லாமல் முடிகிறது. இறந்துபோன லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்த இயேசுவே கல்லறைக்குப் போகுமுன் கண்ணீர் விட்டார் என்று யோவான் 11:35 சொல்கிறது. துக்க வீட்டில் பிள்ளைகளிடம் பெரிய விளக்கம் சொல்ல அவசரப்படுகிறவர்கள் அந்த ஒரு வசனத்தோடு கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம். "இல்லை" இன்றும் அந்த டயரியில் இருக்கிறது.

பெற்றோர் சண்டை. இதை யாரும் குடும்ப ஆசீர்வாதக் கூட்டத்தில் பேச மாட்டார்கள், ஆனால் பிள்ளைகளின் விசுவாசத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருவரும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று சொல்வதைப் பிள்ளைகள் கவனிக்காமல் இருப்பார்கள் என்று நினைத்தால் அது நம் கற்பனை. அப்படிப்பட்ட நாளில் நாங்கள் ஜெபத்தைக் கொஞ்சம் தள்ளிவைப்போம். "அம்மாவும் அப்பாவும் பேசிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பேசிவிட்டு வருவோம். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்பதற்கு எங்கள் வீட்டு நேரக் கணக்கு சற்றுத் தளர்வுதான், சூரியன் போய் வெகுநேரம் ஆகியிருக்கும். ஆனாலும் சமாதானமானது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். சண்டை கூடத்தில் நடந்து சமாதானம் மட்டும் அறைக்குள் நடந்தால், பிள்ளை பார்த்தது சண்டையை மட்டும்தானே.

இதே கணக்கில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழியையும் சேர்க்க வேண்டும். அந்தப் பிரயாணத்தில் போதகரின் பிரசங்கம், பாடகர் குழுவின் சுருதி, முன்வரிசையில் உட்கார்ந்தவரின் பகட்டு எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் "சபையை நேசிக்கணும்" என்றால் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தவர்கள் எதை நம்புவார்கள்? சபையில் உண்மையான குறை இருந்தால் பெரியவர்கள் தனியாகப் பேசிக்கொள்ளலாம், பேச வேண்டியவரிடமே பேசலாம். தப்பு நடந்திருந்தால் பிள்ளைகளிடம் மறைக்கவும் கூடாது. நான் சொல்வது வெறும் வாய்க்குச் சுவைக்காகப் பேசுவதை.

பயமுறுத்துவது இன்னொன்று. "பொய் சொன்னா இயேசப்பாவுக்குப் பிடிக்காது" என்பது வேறு, "பொய் சொன்னா இயேசப்பா உன்கூடப் பேச மாட்டார்" என்பது வேறு. இரண்டாவது வேதத்தில் இல்லாதது. கெட்ட குமாரன் இன்னும் தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தகப்பனைப் பற்றிச் சொன்னவர் அவர். சாப்பிட வைக்கவும் தூங்க வைக்கவும் ஆண்டவரைக் காவல்காரராக நிற்கவைக்க வேண்டாம்.

ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக நேரம் வைப்பதை நாங்கள் ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லியிடமிருந்து எடுத்துக்கொண்டோம். 19 பிள்ளைகளைப் பெற்றவர், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரைக் குழந்தையிலேயே அடக்கம் செய்தவர். வறுமை வேறு. இத்தனைக்கும் நடுவில் வாரத்தின் ஒவ்வொரு மாலையையும் ஒரு பிள்ளைக்கு என்று ஒதுக்கித் தனியாகப் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தை நடத்திய அதே ஜான் வெஸ்லி, வளர்ந்த பிறகும் அந்த வியாழக்கிழமை மாலையை ஞாபகப்படுத்தி அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எங்களுக்கு இரண்டே பிள்ளைகள், சாக்குச் சொல்ல இடமில்லை. தனியாக உட்காருவதில் ஆவிக்குரிய பேச்சுத்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. பெரியவன் பாதி நேரம் விளையாட்டைப் பற்றித்தான் பேசுவான். அதைக் கேட்டால்தான் மீதிப் பாதி வரும்.

அந்த மீதிப் பாதியில் ஒருநாள், "எனக்கு இதெல்லாம் நிஜமான்னு சந்தேகமா இருக்கு" என்றான். பதினாறு வயது. இதைக் கேட்டதும் அழுவது, போதகரைக் கூப்பிடுவது, உபவாசம் அறிவிப்பது இவை மூன்றும் உடனே செய்யத் தோன்றும். எதையும் செய்யாமல் இருப்பதுதான் முதல் வேலை. எதில் சந்தேகம் என்று கேட்டேன். இருந்தது ஒன்றல்ல, ஒரு பட்டியல். சிலவற்றுக்கு எனக்குப் பதில் தெரியும், சிலவற்றுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன் கதறுகிறான். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில். இயேசு அவனை அனுப்பிவிடவில்லை, பையனைக் குணமாக்கினார். சந்தேகத்தை வீட்டில் சொல்ல முடியாத பிள்ளை அதை வெளியில் போய்ச் சொல்லும். அங்கே யார் கேட்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

வீட்டில் ஒருவர் மட்டும் விசுவாசியாக இருக்கிற குடும்பங்களுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும் என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. பவுலின் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் வீடு அப்படிப்பட்டதுதான். அப்போஸ்தலர் 16:1-இன்படி தாய் விசுவாசியான யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன். பவுல் 2 தீமோத்தேயு 1:5-இல் பேர் சொல்லி எழுதுவது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும். அவர்கள் விசுவாசத்துக்கு அவர் கொடுக்கிற அடைமொழி "மாயமற்ற" என்பது. முழுக் குடும்பமும் முழங்கால்போட முடியாத வீட்டில், தூங்கப்போகும் பிள்ளையின் தலையில் கைவைத்து இரண்டு வரி ஜெபித்தால் அதுவே குடும்ப ஜெபம். வரமாட்டேன் என்கிற துணையைப் பிள்ளைகள் முன்னால் குறைசொல்லாமல் இருப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

பெரியவன் இப்போது படிப்புக்காக வெளியில் தங்கியிருக்கிறான். சந்தேகம் முழுதாகத் தீர்ந்ததா என்றால், இல்லை. ஆதி சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனின் தாய் மோனிக்கா, அவர் இளவயதில் விசுவாசத்தை விட்டு விலகியிருந்தபோது, தன் மகனிடம் பேசிப் புத்திசொல்லும்படி ஒரு பேராயரிடம் போய்க் கெஞ்சியிருக்கிறார். அவர் மறுத்துவிட்டார். அவனை இப்போது விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு என்றாராம். மகன் மிலானில் ஞானஸ்நானம் பெற்றது 387-இல். அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அந்தப் பேராயரின் பதில் எனக்கு இப்போது மிகவும் உதவுகிறது. ஞாயிறு ஆராதனைக்குப் போனாயா என்று போனில் நான் கேட்பதில்லை. கேட்டால் "போனேன்" என்பான், அது உண்மையா என்று நான் துருவ, இருவருக்கும் பேச்சு கசந்துபோகும். அதற்குப் பதில், "உனக்காக எதுக்கு ஜெபிக்கட்டும்?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்லம்மா" என்கிற வாரம் உண்டு. "வெள்ளிக்கிழமை ஒரு பரீட்சை" என்கிற வாரமும் உண்டு. அப்படிச் சொன்னால் டயரியில் எழுதிவைத்துக்கொண்டு, சனிக்கிழமை மறக்காமல் கூப்பிட்டு விடுவேன். ஜெபம் பண்ணினேன் என்று சொல்வதில்லை. பரீட்சை எப்படி இருந்தது என்று மட்டும் கேட்பேன்.